அழகேசன் படகுக்குப் பாய் இல்லை

அழகேசன் மூச்சிரைக்க வந்து நின்றபோது, கென்னத் தன் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, அடிப்பலகையில் ஒட்டியிருந்த சிப்பிகளைப் பழைய பாராங் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். மறுநாள் ஞாயிறு. ஞாயிறென்றால் மணல் திட்டு. அழுக்குப் படகோடு அங்கே போய்ச் சேர்ந்தால் அத்தனை பேரும் கேலி பேசியே கொன்றுவிடுவார்கள்.

“கிராணி, டீச்சரம்மா இருக்காங்களா?”

“உள்ளதான் இருக்கா. ஏண்ணே, ஜப்பான்காரன் துரத்துறானா?”

“அவன் துரத்துனாலும் ஓடிடலாம் லா. என் பாய் போச்சு! படகு இருக்கு, மரம் இருக்கு, பாயக் காணோம்!”

கென்னத்தின் கையிலிருந்த பாராங் கீழே விழுந்தது. ஜப்பான்காரன் வந்து தோட்டத்து ஆபீஸைப் பூட்டிய நாளிலிருந்து, அங்கே கணக்கெழுதிக்கொண்டிருந்த கென்னத் கிராணிக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவதும் படகு ஓட்டுவதும்தான் வேலை. பெட்ரோல் கிடையாது. சாலையில் போனால் பாலத்துக்குப் பாலம் காவல்காரனைக் குனிந்து கும்பிட வேண்டும். காற்றுக்கு மட்டும்தான் கும்பிடு தேவையில்லை. அதனால் மெர்போக் ஆற்றோரத்துத் தோட்டக் குடும்பங்கள் சில, ஆளுக்கொரு பழைய படகைத் தேடிப்பிடித்துப் பாய் கட்டிக்கொண்டன. கிழங்கைக் கொடுத்து உப்பும் மீனும் வாங்கத்தான் முதலில் ஆற்றில் இறங்கினார்கள். போகப் போக, உப்பும் மீனும் தேவைப்படாத ஞாயிறுகளிலும் இறங்கினார்கள்.

கென்னத்தின் மனைவி செலஸ்டின் முறத்தோடு வெளியே வந்தாள். மாதா கோயில் மணியின் நாக்கு காணாமல் போனபோது, இருந்த இடத்தில் இருந்தபடியே கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவள். அன்றிலிருந்து யார் வீட்டில் எது தொலைந்தாலும் வழக்கு அவள் முறத்துக்கு முன்னால்தான் வந்து நிற்கும்.

“உக்காருங்கண்ணே. பாய எப்பக் கடைசியாப் பார்த்தீங்க?”

“நேத்து சாயங்காலம். போன வாரப் போட்டியில உங்க வீட்டுக்காரர்கிட்ட தோத்தேன்ல? துணி நைஞ்சு போச்சு, காத்து உள்ள பூந்து வெளிய போகுதுன்னு திட்டுல நின்னு எல்லார்கிட்டயும் புலம்புனேன். மூலையில ஒரு கிழிசல் வேற. நேத்து என் பொண்டாட்டி மருதம்மா படகுலயே உக்காந்து அதுக்கு ஒட்டுப் போட்டா. துணிக்கு எங்க போறது? அவ பழைய ரவிக்கையக் கிழிச்சுத்தான் வச்சுத் தச்சா. பூப்போட்ட துணி.” அழகேசன் குரலைத் தாழ்த்தினார். “இத வெளிய சொல்லிடாதீங்க டீச்சரம்மா. ரவிக்கைய வச்சுப் படகு ஓட்டுறான்னு சிரிப்பாங்கன்னு என்னையே சத்தியம் பண்ண வச்சிருக்கா.”

“தைக்கும்போது பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?”

“ஒருத்தரும் இல்ல. தச்சு முடிச்சதும் பாயச் சுருட்டிக் கட்டி, மேல ஓலையப் போட்டு மூடிட்டு வந்தோம். காலையில போய்ப் பார்த்தா வெறும் ஓலைதான் கிடக்கு.”

“போலீசுக்குப் போனா என்ன?” என்றார் கென்னத்.

“நல்லா கேட்டீங்க! பாயக் காணோம்னு போனா, படகையும் சேர்த்துப் பிடுங்கிக்கிட்டு அனுப்புவான்.”

அழகேசன் அதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் திருட்டு வழக்காகத்தான் இருந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. முகம் கறுத்துப்போய்ச் சொன்னார்:

“எடுத்தது யாருன்னும் எனக்குத் தெரியும். பரஞ்சோதி.”

கென்னத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பரஞ்சோதி, அழகேசனுக்கு மருமகனாக வரப்போகிறவன். அடுத்த ஞாயிறு யான் ஊரில் கோயில் கல்யாணம். பெண்ணை அழகேசனே தன் படகில் ஏற்றி, ஆற்று முகம் தாண்டிக் கடலோரமாகக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

“காலையில துறையிலேர்ந்து ஈரத் துணி மூட்டையோட வந்தான். என்னடா அதுன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல மாமான்னு திரும்பிக்கிட்டு நடந்தான். கூறைப் புடவைக்குத் துணி கிடைக்காம அவன் ஆத்தா தெருத்தெருவா அலைஞ்சது எல்லாருக்கும் தெரியும். என் பாயக் கிழிச்சுத்தான் என் பொண்ணுக்குப் புடவையா? திருட்டுப் பயலுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன் டீச்சரம்மா. நாளைக்குத் திட்டுல வச்சே சொல்லிடப் போறேன்.”

“உங்க பொண்ணு பிரேமாவதி என்ன சொல்றா?”

“அழுவுறா. அவ வேற என்ன செய்வா?”

செலஸ்டின் முறத்தைக் கீழே வைத்தாள். “வாங்க. முதல்ல படகப் பார்ப்போம்.”

துறையில் படகு மொட்டை மரத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. பாய் கட்டும் குறுக்குக் கழி கிடந்தது. அதன் மேலேயே, கோத்துக் கட்டும் கயிறு வட்டம் வட்டமாகச் சுற்றி, கடைசியில் ஒரு முடிச்சும் போட்டு, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. கென்னத் குனிந்து மோந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், படகுக்கு அடியிலும் எட்டிப் பார்த்தார்.

“ஜப்பான் சோல்ஜர்தான் செலஸ்டின். கூடாரம் போட எடுத்திருப்பான்.”

“சோல்ஜர் கத்தியால ஒரு இழுப்பு இழுத்திருப்பான். இங்க ஒவ்வொரு முடிச்சையும் உக்காந்து அவுத்திருக்கு. கயிறு அறுபடல.”

“அப்ப கடல் திருடன். அவனுக்கு முடிச்சு அவுக்கத் தெரியும்.”

“கடல் திருடன் கயிற வச்சுட்டுப் போவானா? இந்தக் காலத்துல துணி எவ்வளவு அருமையோ கயிறும் அவ்வளவு அருமை.”

கென்னத் இதை யோசித்துக்கொண்டே, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த ஒற்றையடிப் பாதையில் முன்னால் நடந்தார். பால் வெட்டு நின்று பல மாதமாகிவிட்டது. மரத்துக்கு மரம், பால் பிடிக்கும் மங்குகள் கம்பியில் கவிழ்ந்தபடி இருந்தன. வெட்டு இல்லாத மரத்தில் மங்கைக் கவிழ்த்து வைப்பது தோட்டத்து வழக்கம். நிமிர்ந்திருந்தால் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும். துறைக்குப் பக்கத்தில் நாலைந்து மரங்களில் மட்டும் மங்குகள் நிமிர்ந்திருந்தன.

“பாரு, எவனோ பொறுப்பில்லாத பய,” என்று சொல்லி, கிராணிக்குரிய பழக்கத்தில் கென்னத் ஒவ்வொன்றாகக் கவிழ்க்கப் போனார்.

“இருங்க.” செலஸ்டின் ஒரு மங்குக்குள் விரலை விட்டாள். விரல் நுனியைக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தாள். மெல்ல அவள் வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. “சரி, இப்பக் கவுத்துங்க.”

“என்ன கண்டுபிடிச்ச?”

“நாளைக்குத் திட்டுல கிழங்கு மாவுப் பலகாரம் அவிக்கணும். மாவு போதுமான்னு பார்க்கணும். வாங்க.”

கல்யாணமான நாளிலிருந்து கென்னத்துக்கு இந்தப் பதில் பழக்கம். இருந்தும் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காற்று நன்றாகப் பிடித்தது. குனோங் ஜெராய் மலை உச்சியில் மேகத்துண்டு ஒன்று தலைப்பாகை மாதிரி உட்கார்ந்திருந்தது. கென்னத்தின் படகில் அழகேசனின் குடும்பமும் ஏறிக்கொண்டது. மருதம்மாள் கிழங்கு மாவுப் பானையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அலைக்கும் “ஐயோ, முருகா” என்றாள். “மாதா பேரையும் சேர்த்துச் சொல்லுங்கக்கா, படகு எங்களோடது,” என்று கென்னத் சொல்ல, அழுது வீங்கிய முகத்தோடு இருந்த பிரேமாவதிகூடச் சிரித்துவிட்டாள். அழகேசன் மட்டும் சிரிக்கவில்லை. சுக்கானை இப்படிப் பிடி, அப்படிப் பிடி என்று கென்னத்தை வழியெல்லாம் அதட்டிக்கொண்டே வந்தார்.

தஞ்சோங் டாவாய் கிராமத்துக்கு எதிரே, தண்ணீர் வற்றும்போது மணல் திட்டு முதுகைக் காட்டும். அங்கே படகுகளை இழுத்துப் போட்டுவிட்டால் பிறகு ஊர் கிடையாது, ஜப்பான்காரன் கிடையாது. பெண்கள் மண்ணைக் கிளறிக் கெராங் சிப்பி பொறுக்கினார்கள். ஒருவர் பிளாச்சான் இறால் விழுதைச் சுட்டார், ஒருவர் வானொலியில் கேட்டதை ரகசியமாகச் சொன்னார், இன்னொருவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

முனியாண்டி கடைசியாக வந்து சேர்ந்தான். தோட்டத்துப் பால் ஸ்டோரில் ரப்பர் ஷீட்டு போட்டுக்கொண்டிருந்தவன் அவன். அழகேசனைத் தன் கூடப்பிறந்த அண்ணனாகவே நினைப்பவன். அன்றைக்குப் பாயை விரிக்காமல் துடுப்புப் போட்டே வந்திருந்தான். வழக்கமாகத் திட்டில் ஏறியதும் பாட்டெடுப்பவன், சத்தமே இல்லாமல் மருதம்மாள் பக்கத்தில் போய்க் குந்தினான்.

“என்ன தம்பி, இவ்வளவு காத்து வீசுது, துடுப்புப் போட்டு வர்ற?” என்றாள் செலஸ்டின், சிப்பியைத் திறந்துகொண்டே.

“உடம்புக்கு நல்லதுக்கா.” அவன் முன்கையைச் சொறிந்தான். தோலிலிருந்து நூல் மாதிரி எதையோ உருட்டி எடுத்து மணலில் போட்டான்.

“கையில என்ன?”

“கொசு, வேறென்ன? சே, கொல்லுது.” அவன் மருதம்மாள் பக்கம் திரும்பினான். “அண்ணி, நீங்க மனச விட்றாதீங்க. மூலையில அந்தப் பூப்போட்ட ஒட்ட எவ்வளவு நெருக்கமாத் தச்சிருந்தீங்க! அந்தக் கைக்குப் பாய் திரும்பி வந்துரும்.”

மருதம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். கென்னத்தும் நல்ல வார்த்தை சொன்னான் பையன் என்று தலையாட்டினார். செலஸ்டின் மட்டும் கையிலிருந்த சிப்பியைத் திறக்காமலே சட்டிக்குள் போட்டாள்.

அப்போதுதான் திட்டின் மறுகோடியிலிருந்து அழகேசனின் கத்தல் கேட்டது.

“வாங்க, எல்லாரும் வந்து பாருங்க! திருடன் கையும் களவுமா மாட்டிக்கிட்டான்!”

பரஞ்சோதி தன் சின்னஞ்சிறு சம்பான் படகை ஆள் பார்க்காத இடத்தில் ஒதுக்கிவிட்டு, மணலில் ஒரு நீளத் துணியை வெயிலுக்கு விரித்துக்கொண்டிருந்தான். மஞ்சள் துணி. ஈரம் இன்னும் காயவில்லை. அழகேசன் அதன் ஒரு முனையைப் பிடித்திருந்தார், பரஞ்சோதி மறுமுனையை.

“விடுங்க மாமா, மணல் படுது!”

“யாருக்குடா மாமா? என் பாய மஞ்சள்ல முக்கிட்டா எனக்கு அடையாளம் தெரியாதா?”

பிரேமாவதி ஓடிவந்தாள். பரஞ்சோதி அவளைக் கண்டதும் அலறினான். “ஐயோ, நீ பாக்காத! முகூர்த்தத்துக்கு முன்னால பொண்ணு பாக்கக் கூடாது!”

அவள் சட்டென்று இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டாள். “நான் பாக்கல. மஞ்சளா எதுவும் பாக்கல.”

கூட்டத்தில் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அழகேசனுக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல ஆனது. “சிரிக்காதீங்க! இவன் சொல்லட்டும், இந்தத் துணி எங்கேர்ந்து வந்துச்சு? சொல்லலன்னா இந்தக் கல்யாணம் இல்ல. அவ்வளவுதான்.”

பரஞ்சோதி தலை குனிந்துகொண்டான். பிரேமாவதி கண்ணை மூடியபடியே நின்றாள். விரல் இடுக்கில் கண்ணீர் வழிந்தது.

“செலஸ்டின்,” என்றார் கென்னத் கெஞ்சலாக.

செலஸ்டின் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் துணியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள்.

“அழகேசண்ணே, உங்க பாய் என்ன நிறம்?”

“இது என்ன கேள்வி? எல்லாப் பாயும் என்ன நிறமோ அதுதான். பாக்காவ் மரப்பட்டைய வேகவச்சு அந்தக் கஷாயத்துல ஊறப் போட்ட பாய். செம்மண் நிறம்.”

“செம்மண் நிறத் துணிய மஞ்சள்ல முக்குனா மஞ்சளா வருமா?”

அழகேசன் துணியின் முனையை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“வராது,” என்றாள் மருதம்மாள் பின்னாலிருந்து. “கரியாட்டம் வரும்.”

“இன்னொண்ணு. பாயோட ஓரம் பூரா கயிறு கோக்குற ஓட்டை இருக்கும். நடுவுல துண்டு துண்டாத் தச்ச தையல் இருக்கும். இதுல ஒரு ஊசிக்குத்துகூட இல்ல. முழு வெள்ளைத் துணியா வாங்கி, ஆத்துல அலசி, மஞ்சள்ல போட்டது. தம்பி, உன் சைக்கிள் எங்க? நேத்தும் நடந்துதான் வந்திருக்க, போன வாரமும் நடந்துதான் போன.”

பரஞ்சோதி மணலைப் பார்த்துச் சொன்னான்: “சுங்கை பட்டாணியில ஒரு கடைக்காரர்கிட்டக் குடுத்துட்டேன்க்கா. சைக்கிளக் குடுத்துப் புடவை வாங்கினேன்னு தெரிஞ்சா அவ திட்டுவா.”

“திட்டத்தான் போறேன்!” என்றாள் பிரேமாவதி, கையை எடுக்காமலே. ஆனால் அந்தக் குரலில் திட்டு இல்லை.

“அப்ப என் பாய் எங்க?” அழகேசனின் குரல் பாதியாக இறங்கியிருந்தது.

“சொல்றேன். முதல்ல எல்லாரும் உக்காருங்க, வெயில் அடிக்குது.” செலஸ்டின் ஒதுங்கிக் கிடந்த சம்பானின் விளிம்பில் உட்கார்ந்தாள். “பாய எடுத்தவருக்குத் துணி வேணும்னா அறுத்துக்கிட்டு ஓடியிருப்பாரு. இவரு முடிச்ச அவுத்து, கயிறச் சுத்தி, திரும்ப வந்து கட்டுறதுக்குத் தோதா வச்சிருக்காரு. அப்ப அவரு பாயத் திருப்பித் தர்றதாத்தான் எடுத்திருக்காரு. எதுக்கு எடுக்கணும்? பாயில என்ன குறைன்னு அண்ணன் போன வாரம் இதே இடத்துல நின்னு சொன்னாரே, ஞாபகம் இருக்கா?”

“காத்து ஒழுகுதுன்னு,” என்றார் கென்னத், மாணவன் மாதிரி.

“ஆமா. துறைக்குப் பக்கத்துல வெட்டு நின்ன மரங்கள்ல மங்கு நிமிர்ந்திருக்கு. உள்ள ஒட்டுப்பால் இன்னும் பிசுபிசுன்னு இருக்கு. கடையே இல்லாத காலத்துல ரப்பர் பால் யாருக்கு எதுக்கு? துணி மேல பூசினா காத்தும் போகாது, தண்ணியும் போகாது. துணிச் சப்பாத்துக்கு அப்படித்தானே இப்ப லயத்து வீடுகள்ல எல்லாரும் பூசுறாங்க?”

கென்னத் தொடையில் அடித்துக்கொண்டார். நேற்று அந்த மங்குகளைத் தன் கையாலேயே கவிழ்த்திருக்கிறார்!

“பால் கையில பட்டுக் காஞ்சா உரிச்சு உரிச்சுத்தான் எடுக்கணும். ரோமத்தோட வரும். கொசு கடிச்ச மாதிரி அரிக்கும். இன்னும் ஒண்ணு. பாயில பூப்போட்ட ஒட்டு இருக்குன்னு தச்சவங்களுக்கும் அவங்க வீட்டுக்காரருக்கும்தான் தெரியும். எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் அண்ணன் சொல்லித் தெரியும். தச்ச உடனே சுருட்டி மூடியாச்சு. பாய விரிச்சுப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.” அவள் யாரையும் பார்க்காமல் கேட்டாள். “மிச்சத்த நான் சொல்லணுமா, இல்ல அவரே சொல்றாரா?”

முனியாண்டி எழுந்து நின்றான். முகம் வெந்த கெராங் மாதிரிச் சிவந்திருந்தது.

“அண்ணே, அடிக்கிறதுன்னா அடிங்க. கல்யாணத்துக்குப் போறப்ப உங்க படகுதான் முன்னால போகணும்னு நெனச்சேன். கோழி கூவுறதுக்குள்ள திரும்பக் கட்டிடலாம்னு பூசினேன். காயவே இல்ல. காயறதுக்கு முன்னாடி மழை தூறுச்சு, அவசரத்துல மடிச்சுட்டேன். அப்படியே பிடிச்சுக்கிச்சு! நேத்து வந்து சொல்லத்தான் கிளம்புனேன். நீங்க துறையில நின்னு, எடுத்தவன் கை அழுகிப் போகணும்னு சாபம் விட்டுக்கிட்டிருந்தீங்க. எனக்குக் கால் வரல. உப்புத் தண்ணியில போட்டா பிரியுமான்னு பார்க்க, என் பாய விரிக்காம அதுக்கடியில மறைச்சு இப்பக் கொண்டாந்திருக்கேன்.”

“ஷீட்டு போட்ட கை!” என்றார் கென்னத், தாங்க முடியாமல். “ரப்பர் ரப்பரோட ஒட்டும்னு உனக்குத் தெரியாதா லா?”

“ஷீட்டுன்னா புகை வீட்டுல தொங்கப் போடுவேன் கிராணி. பாயப் புகை போட்டா அண்ணி மோந்தே கண்டுபிடிச்சிருவாங்கன்னு விட்டுட்டேன்.”

நாலு பேர் போய் அவன் படகில் சுருட்டிக் கிடந்த பாய்க்கு அடியிலிருந்து அதைத் தூக்கி வந்தார்கள். பாய் என்று சொல்ல முடியாது. மடித்துவைத்த மெத்தை மாதிரி ஒரு கட்டி. அழகேசன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் ஒரு மூலையைப் பிடித்தார்.

“நிக்கிறீங்களே, பிடிங்க அந்தப் பக்கம்!”

பிறகு நடந்தது கயிறு இழுக்கும் போட்டிதான். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். ‘ஏலேலோ’ என்று இழுத்தார்கள். ஒவ்வொரு மடிப்பும் துணி கிழிவது போலச் சத்தம் போட்டு, ஆனால் கிழியாமல் பிரிந்தது. பிரிந்த இடம் திரும்ப ஒட்டிக்கொள்ளாமலிருக்க மருதம்மாள் பானையிலிருந்த கிழங்கு மாவை அள்ளி அள்ளித் தூவினாள். கடைசி மடிப்பு பிரிந்தபோது இரண்டு கூட்டமும் மணலில் மல்லாக்க விழுந்தது. மாவு அப்பிய முகங்களோடு ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

“பலகாரம் போச்சு,” என்றாள் மருதம்மாள்.

“பாய் வந்துச்சே!” என்றார் கென்னத். தானே கண்டுபிடித்தது போல அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

பாயைக் கென்னத்தின் பாய்மரத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். காற்று வந்து மோதியதும் அது உப்பி நின்றது. அழகேசன் மறுபக்கம் போய் முகத்தை நீட்டினார். முகத்தில் காற்றே படவில்லை.

“டேய் முனியாண்டி,” என்றார் அவர். “நீ முட்டாப்பயதான். ஆனா என் பாய்க்கு இப்ப இந்த ஆத்துல இணை இல்லடா.” முனியாண்டி முகத்தை மூடிக்கொண்டு குந்திவிட்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

ஆனால் செலஸ்டின் கவனித்தாள், கென்னத்தும் அவள் கண் போன பக்கம் பார்த்தார். பரஞ்சோதி கூட்டத்தில் இல்லை. புடவையில் ஒட்டிய மணலைத் தட்டி, மடித்துச் சம்பானில் வைத்து, புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தான். திருடன் என்று எல்லார் முன்னாலும் கேட்ட சொல் இன்னும் அவன் முகத்தில் இருந்தது.

பிரேமாவதியும் பார்த்துவிட்டாள். அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

“அப்பா, பாய் கிடைச்சிருச்சு. எனக்கு மாப்பிள்ளை கிடைப்பாரா?”

அழகேசன் தொண்டையைச் செருமினார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். சம்பான் பக்கம் நாலடி நடந்தார், நின்றார், திரும்பினார்.

“என்னம்மா செய்யணும் நான்? கால்ல விழணுமா?”

“வேணாம். திரும்பிப் போறப்ப நீங்க அவரு சம்பான்ல போங்க.”

“அதுலயா? அது தொட்டாலே ஆடுமே லா! யாரு ஓட்டுறது?”

“அவரு ஓட்டுவாரு. நீங்க சும்மா உக்காந்து போங்க.”

தன் வாழ்நாளில் அடுத்தவன் சுக்கான் பிடிக்க அழகேசன் சும்மா உட்கார்ந்து போனதாக அங்கே யாருக்கும் ஞாபகமில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். தண்ணீரில் இறங்கிப் போய்ச் சம்பானின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இடம் இருக்கா... மாப்பிள்ளை?”

பரஞ்சோதி அவரையே பார்த்தான். பிறகு புடவை மூட்டையை எடுத்து ஓரமாக வைத்தான்.

“ஏறுங்க மாமா. பார்த்து, நடுவுல உக்காருங்க.”

படகுகள் வரிசையாகத் திரும்பின. கென்னத் பாயைத் தளர்த்திச் சம்பானுக்குப் பக்கத்திலேயே ஓட்டினார். ஒரு வார்த்தையும் தப்பவிடக் கூடாதே! அழகேசன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கூறைப் புடவையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். சுக்கானைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பரஞ்சோதி முந்திக்கொண்டான்.

“மாமா, காத்து மாறுது. அந்தப் பக்கம் கொஞ்சம் சாயுங்க.”

அழகேசன் சாய்ந்தார்.